பேரில் டெல்லி, பேச்சில் திருநெல்வேலி

கேள்வி: 400 படங்களுக்கு மேல் நடித்தும் டெல்லி கணேஷ் ஏன் கதாநாயகனாக வரவில்லை?

ஒரு தடவை வந்தார். 1981இல் 'எங்கம்மா மகாராணி'. நான் பார்த்ததில்லை, பார்த்த யாரையும் சந்தித்ததும் இல்லை. ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே அவர் பாதை முடிவாகிவிட்டது என்பேன். இயக்குநர் துரையின் 'பசி'யில் ஷோபாவுக்கு அப்பா, சைக்கிள் ரிக்‌ஷாக்காரர். அப்போது அவருக்கு வயது 35 தான். தமிழக அரசின் சிறப்புப் பரிசும் கிடைத்தது. அந்த வயதில் அப்பாவாக அவ்வளவு பொருந்திப் போனவரை அப்புறம் யார் டூயட் பாடக் கூப்பிடுவார்கள்?

அவருடைய பலம் எந்த ஊர்ப் பேச்சையும் பிடித்துக்கொள்ளும் காதில் இருந்தது என்று நினைக்கிறேன். பிறந்தது நெல்லைப் பக்கம் வல்லநாடு. 1964 முதல் பத்து வருடம் விமானப்படை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் மேடையேறியதால்தான் பேருக்கு முன்னால் டெல்லி. பாலசந்தர் 1977இல் விசுவின் 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தைப் படமாக்கியபோது திரைக்கு வந்தார். பேட்டிகளில் பேச ஆரம்பித்தால் நெல்லை வாடை தூக்கலாக இருக்கும். அதே ஆள் 'பசி'யில் மெட்ராஸ் குடிசைவாசி, 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டு மணி ஐயர்.

அந்த மணி ஐயரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிடும். கமலும் அவரும் பதறுவதில் யார் வசனத்தை யார் முடிக்கிறார்கள் என்றே தெரியாது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் பந்தியில் சாம்பார் வாளி வந்தால் யாராவது ஒருவர் உள்ளே எட்டிப் பார்ப்பார், மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவர் தனியாக ஜோக் எதுவும் அடிப்பதில்லை. மானம் போய்விடுமே என்று நிஜமாகவே பயப்படுகிறார், அவ்வளவுதான்.

'சிந்து பைரவி' மிருதங்கக்காரர், 'நாயகன்' ஐயர், 'அபூர்வ சகோதரர்க'ளில் வில்லன் என்று எல்லோருக்கும் தெரிந்ததை அடுக்க வேண்டாம். சீரியல்களையும் அவர் விடவில்லை. சாயங்காலம் என் பாட்டி டிவி முன் உட்கார்ந்து, "பாவம், நல்ல மனுஷன், இவரைப் போய் அழ வைக்கிறாங்களே" என்பாள். கதாபாத்திரத்தின் பேர் கடைசி வரை அவளுக்குத் தெரியாது. கதாநாயகர்களில் யாரையாவது அவள் அப்படி வீட்டு மனுஷராகப் பேசி நான் கேட்டதில்லை.

2016இல் மகன் மகாவைக் கதாநாயகனாக்கி 'என்னுள் ஆயிரம்' படத்தைத் தயாரித்தார். தனக்குக் கிடைக்காததை மகனுக்குக் கொடுத்துப் பார்த்தாரோ என்னவோ, அது என் ஊகம்.

2024 நவம்பர் 9 இரவு, சென்னை ராமாபுரம் வீட்டில், 80 வயதில் காலமானார். விமானப்படையினர் வந்து தங்கள் கொடியைப் போர்த்தி மரியாதை செய்தார்கள். அவர் ராணுவத்தில் இருந்தவர் என்பதே அன்றைக்குத்தான் தெரியும் என்று என் நண்பர்கள் பாதிப் பேர் சொன்னார்கள்.