துருசும் ட்ரூஸும்

கேள்வி: சிரியாவில் சண்டை போடும் துருசு மக்கள் யார் பக்கம்? அரசின் பக்கமா, இஸ்ரேல் பக்கமா?
— வாசகர் ஒருவர், தென்காசி

பதில்: துருசு என்றால் மயில்துத்தம். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் நீலக் கட்டியாக எடுத்துக் கொடுப்பார்கள். நீங்கள் கேட்பது சிரியா, லெபனான், இஸ்ரேல் பக்கம் வாழும் ட்ரூஸ் என்ற சிறுபான்மை மத மக்களைப் பற்றி. உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் நாங்களே ‘துருசு மலையில் குண்டுவீச்சு’ என்று தலைப்புப் போட்டோம். உடனே சித்த வைத்தியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது: ‘சுத்தி செய்யாத துருசு குடலை வேகவைத்துவிடும், ஓர் எச்சரிக்கை போட்டிருக்கலாம்.’

அந்தத் தலைப்பு எங்கள் பிழைதிருத்துநரின் கைவண்ணம். மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராதாம். அப்படியானால் நீங்கள் வாங்கியிருக்கும் ட்ராக்டரை எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டேன். ‘உழுவுந்து’ என்றார். ரசீதில் என்ன போட்டிருக்கிறது என்றேன். அன்றிலிருந்து என்னோடு காபி குடிக்க வருவதில்லை.

பெயர் விஷயத்தில் அந்த மக்களுக்கே மனத்தாங்கல் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் தோன்றிய மார்க்கம் அது. தராசி என்ற பிரசாரகர் ஒருவர் தலைமைக்கு ஆகாதவராகி, மார்க்கத் துரோகி என்று ஒதுக்கப்பட்டார். உலகமோ அவர் பெயரைத்தான் இவர்களுக்குச் சூட்டியது. இவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது முவாஹிதூன், அதாவது ஒரே இறைவன் என்போர்.

பெயரைப் போலவே பக்கத்தையும் அடுத்தவர்கள்தான் ஒதுக்கித் தந்தார்கள். அப்போது சிரியாவை ஆண்ட பிரான்ஸ் 1921இல் அவர்களுக்கென்று தெற்குச் சிரியாவின் ட்ரூஸ் மலையில் ஒரு தனி அரசு அமைத்துக் கொடுத்து நன்றியை எதிர்பார்த்தது. 1925இல் ட்ரூஸ் தலைவர் சுல்தான் பாஷா அல்-அத்ரஷ் பிரான்ஸுக்கு எதிராகக் கலகக்கொடி தூக்கினார். ‘மதம் இறைவனுக்கு, நாடு எல்லோருக்கும்’ என்பது அந்தக் கிளர்ச்சியின் முழக்கம். விடுதலை பெற்ற சிரியாவாவது அதை நினைவில் வைத்ததா? 1954இல் சர்வாதிகாரி ஷிஷக்லி அதே மலையில் குண்டு போட்டார். என் எதிரி ஒரு பாம்பு, அதன் தலை ட்ரூஸ் மலை என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். ஆட்சி போய், பிரேசிலில் பண்ணை வைத்து வாழ்ந்தவரை 1964இல் ஒரு ட்ரூஸ் தேடிப் போய்ச் சுட்டுக் கொன்றார்.

இஸ்ரேலில் உள்ள ட்ரூஸ் ஆண்களுக்கு 1956 முதல் கட்டாய ராணுவச் சேவை. 2018இல் வந்த தேச அரசுச் சட்டம் அந்த நாட்டை யூதர்களின் நாடு என்று வரையறுத்தபோது, அவர்கள் தெருவில் இறங்கிக் கத்த வேண்டியிருந்தது. சிரியாவிடமிருந்து இஸ்ரேல் பிடித்த கோலான் மேட்டில் வாழும் ட்ரூஸ்களோ 1982இல் இஸ்ரேலிய அடையாள அட்டையைத் திருப்பி வீசி, மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்குள்ள மஜ்தல் ஷம்ஸ் ஊருக்கு எதிரே ஒரு மேடு இருக்கிறது. நடுவே கம்பிவேலி, கண்ணிவெடி. அண்ணன் இந்தப் பக்கம், தங்கை அந்தப் பக்கம். ஒரு காலத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டுதான் நலம் விசாரித்தார்கள். யார் பக்கம் என்று அங்கே போய்க் கேளுங்கள்.

2025 ஜூலையில் என்ன நடந்தது? நெடுஞ்சாலையில் ஒரு ட்ரூஸ் வியாபாரியைக் கடத்தினார்கள். பதிலுக்குப் பதில் கடத்தல், ட்ரூஸ்களுக்கும் பெதுயின்கள் என்ற அரபுப் பழங்குடியினருக்கும் சண்டை. சமாதானம் செய்கிறோம் என்று அந்த மலையின் தலைநகரான சுவைதாவுக்குள் நுழைந்த அரசுப் படையினரில் சிலர் முதியவர்களைப் பிடித்து மீசையை மழித்தார்கள். அதைப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அந்த மலையில் மீசை என்பது தலைப்பாகைக்குச் சமமான மரியாதை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இஸ்ரேல், ட்ரூஸ்களைக் காப்பாற்றுகிறேன் என்று டமாஸ்கஸில் பாதுகாப்பு அமைச்சகத்தின் மேல் குண்டு போட்டது. ட்ரூஸ் ஆயுதக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் கையில் பெதுயின் குடும்பங்களும் செத்தன, வீட்டை விட்டு ஓடின. அதைச் சொல்லாமல் கண்ணீர் வடிக்கும் நம் உலக அரசியல் நிபுணர்களை எனக்கு ஆகாது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

சுவைதாவின் மதப் பெரியவர்கள் மூவரே ஒரு பக்கம் இல்லை. யூசுப் ஜர்பூ போர்நிறுத்தம் என்று அறிவித்தார். ஹிக்மத் அல்-ஹிஜ்ரி அதெல்லாம் செல்லாது என்றார். இரண்டும் ஒரே நாளில்.

பிழைதிருத்துநரிடமிருந்து மெய்ப்பு திரும்பி வந்திருக்கிறது. ‘ட்ரூஸ்’ அத்தனையும் தப்பித்துவிட்டது. தராசியைத்தான் தராசு ஆக்கியிருக்கிறார்.