பெட்ரோல் டேங்க்குக்கு வீட்டிலேயே கிளியர் கோட் அடிக்கலாமா?

கேள்வி: என் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க், இரண்டு பக்கவாட்டு மூடிகள், பிளாஸ்டிக் மட்கார்டு ஆகியவற்றுக்கு நானே பெயின்ட் அடிக்க விரும்புகிறேன். வீட்டோடு ஒட்டியிருக்கும் கராஜ்தான் இடம். சிறிய கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னும் இருக்கின்றன. ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே கிளியர் கோட் வாங்கி வைத்திருக்கிறேன். என்95 முகக்கவசம் போதுமா? தூசி விழாமலிருக்கக் கதவை மூடிக்கொள்ளலாமா? நெடி வெளியேற ஒரு மின்விசிறி வைத்தால் சரியாகிவிடுமா?

பதில்: மூன்றுக்கும் பதில் ஒன்றுதான்: கூடாது. என்95 போதாது, கதவை மூடக் கூடாது, சாதாரண மின்விசிறியை அங்கே ஓட்டக் கூடாது. அதற்காக வேலையையே கைவிட வேண்டும் என்று சொல்லவில்லை. கழற்றுவது, சுத்தம் செய்வது, பட்டி பார்ப்பது, தேய்ப்பது, பிரைமர், கலர் வரைக்கும் நீங்களே செய்யுங்கள். வேலையில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான். பளபளப்பின் தரம் தீர்மானமாவதும் அங்கேதான். கலரின் மேல் கடைசியாக ஏறும் நிறமற்ற பளபளப்புப் பூச்சான கிளியர் கோட்டை, அதுவும் இறுகவைக்கும் ஹார்டனர் கலந்ததை மட்டும், ஸ்பிரே பூத் (காற்றை இழுத்து வெளியேற்றும் பெயின்ட் அறை) வைத்திருக்கும் ஒரு பட்டறையில் அடித்து வாங்குங்கள். இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பதற்குக் காரணம் அந்த ஹார்டனர் டப்பாவுக்குள் இருக்கிறது.

சாதாரண ஒற்றைப் பாகக் கிளியர் தின்னர் ஆவியானதும் காய்ந்துவிடும். அதன் மேல் பெட்ரோல் சிந்தினால் மறுபடியும் இளகிவிடும். 2கே கிளியர் அப்படியல்ல. ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் ரெசினோடு வினைபுரிந்து பிணைந்து இறுகுகிறது. பெட்ரோலுக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடிக்கும் உறுதி அதனால் வருகிறது. டேங்க்குக்கு 2கேதான் வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்தது சரியே. ஆனால் அந்த ஐசோசயனேட் பனிமூட்டமாகக் காற்றில் பரவி மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடலுக்கு அந்த ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் கடுமையான இழுப்பு வரலாம். அதைப் பழைய நிலைக்குத் திருப்பும் மருந்து கிடையாது. அந்தப் பொருளின் பக்கமே போகாமலிருப்பதுதான் வழி. இதனால் தொழிலையே விட்டுவிட்ட பெயின்டர்கள் உண்டு. தோலில் தொடர்ந்து படுவதும் இந்த ஒவ்வாமைக்கு வழிவகுக்கக்கூடும் என்பதால் கையுறையும் உடலை மூடும் உடையும் அலங்காரமல்ல.

அளவைப் பாருங்கள். பிரிட்டனின் பணியிட விதிப்படி எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.02 மில்லிகிராமுக்கு மேல் ஐசோசயனேட் இருக்கக் கூடாது. 15 நிமிடச் சராசரிக்கு 0.07 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. இந்த அளவில் மூக்குக்கு எதுவும் தெரியாது. 'நெடி வரவில்லை, அதனால் பரவாயில்லை' என்ற கணக்கு இங்கே செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டைஐசோசயனேட் (ஐசோசயனேட்டில் ஒரு வகை) 0.1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களைத் தொழிலில் பயன்படுத்துபவர்கள் 2023 ஆகஸ்ட் முதல் அதற்கென்று பயிற்சி பெற்றிருக்க வேண்டும். தினமும் அதே வேலையைச் செய்பவருக்கே இந்த நிபந்தனை.

ஸ்பிரே கேனில் வரும் 2கே கிளியர் இதைவிடப் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். அடியில் உள்ள பொத்தானை அழுத்தியதும் உள்ளே ஹார்டனர் குப்பி உடைந்து கலக்கிறதே, அதுவும் இதே ஐசோசயனேட்தான். எதை வாங்கினாலும் லேபிளைப் படியுங்கள். 'ஐசோசயனேட் உள்ளது' என்ற வாசகமோ, சுவாசித்தால் ஆஸ்துமா அறிகுறிகளை உண்டாக்கும் என்று சொல்லும் எச்334 என்ற குறியீடோ இருந்தால் அது வீட்டு கராஜுக்கு உரிய பொருளல்ல.

இனி முகக்கவசம். என்95 தூசித் துகள்களை வடிகட்டும். தின்னர் ஆவியை அப்படியே உள்ளே விடும். பிரைமரும் கலரும் அடிப்பதற்கு, கரிம ஆவிகளை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜும் துகள் வடிகட்டியும் சேர்ந்த ரப்பர் முகக்கவசம் வேண்டும். முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும் என்பதால் தாடி இருந்தால் அது வேலை செய்யாது. வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் மூடி வையுங்கள். திறந்தே கிடந்தால் கார்ட்ரிட்ஜ் அறைக்காற்றிலுள்ள ஆவியையெல்லாம் உறிஞ்சித் தீர்ந்துபோகும். ஐசோசயனேட் விஷயத்தில் இந்தக் கவசத்தையும் நம்பி இறங்காதீர்கள். கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டதை வழக்கமாக நெடியால்தான் உணர்வோம். இங்கே நெடியே தெரியாது. பட்டறைகளில் வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் கவசத்தைப் பயன்படுத்துவது அதனால்தான்.

கன்னைக் கீழே வைத்த உடனே பெரும்பாலோர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு, குனிந்து, பளபளப்பு எப்படி வந்திருக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அறையின் குறுக்கே ஒரு டார்ச் ஒளியைப் பாய்ச்சினால், வெறுங்கண்ணுக்குத் தெளிந்துவிட்டதாகத் தோன்றிய காற்றில் நுண்துளிகள் மிதந்துகொண்டிருப்பது தெரியும். காற்றை இழுத்து வெளியேற்றும் வசதியுள்ள அறைகளே தெளிவதற்கு நேரமாகிறது என்றால், அந்த வசதி இல்லாத கராஜைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரைமருக்கும் இதே ஒழுங்குதான். அடித்து முடித்ததும் கவசத்தோடேயே வெளியே வாருங்கள், வெளியே வந்த பிறகு கழற்றுங்கள்.

கதவு, மின்விசிறி விவகாரம் தீ சம்பந்தப்பட்டது. தின்னரில் இருக்கும் அசிட்டோன் மைனஸ் 20 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும்; டொலுயீன் 4 டிகிரியில். காற்றில் டொலுயீன் ஆவி ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டினாலும் ஒரு பொறி போதும். இந்த ஆவிகள் காற்றைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு கனமானவை. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, மூலையில் இருக்கும் ஃபிரிட்ஜின் கீழேயோ கேஸ் வாட்டர் ஹீட்டரின் சிறுசுடரிடமோ போய்ச் சேரும். சாதாரண மின்விசிறியின் மோட்டாரும் சுவிட்சும் பொறி உண்டாக்கக்கூடியவை. உங்கள் கம்ப்ரஸரும் அப்படித்தான்: அழுத்தம் குறையும்போதெல்லாம் அதன் சுவிட்ச் தானாகவே மோட்டாரை ஓடவைக்கும், நிரம்பியதும் அணைக்கும். அதை வேறு இடத்தில் வைத்து நீளமான குழாய் மூலம் காற்றைக் கொண்டுவாருங்கள். அது இழுக்கும் காற்றும் சுத்தமாக இருக்கும்.

மின்விசிறியை வாசலில் உள்நோக்கி வைத்து வெளிக்காற்றைத் தள்ளினால் மோட்டார் சுத்தமான காற்றில் இருக்குமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். தனியாக நிற்கும் கொட்டகைக்கு அது ஓரளவு பொருந்தும். உங்கள் கராஜ் வீட்டோடு ஒட்டியது. உள்ளே காற்றழுத்தம் கூடினால் ஆவி முழுவதும் கதவிடுக்கு வழியாகப் படுக்கையறைக்குத்தான் போகும். ஆகவே உங்களுக்கு என் யோசனை, காற்று பலமாக வீசாத ஒரு நாளில் கராஜுக்கு வெளியே, மேற்கூரையும் ஒரு பக்கத் திரையும் உள்ள திறந்த இடத்தில் பிரைமரையும் கலரையும் அடிப்பது. கலரில் ஒரு பூச்சி ஒட்டினால் தேய்த்துவிட்டு மறுபடியும் அடித்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் போகும் கதவின் இடுக்குகளையும் அந்தப் பக்க ஜன்னல்களையும் பிளாஸ்டிக் தாளும் டேப்பும் கொண்டு மூடிவிடுங்கள். குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் அருகில் வரக் கூடாது.

டேங்க்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்ரோலை வடித்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். நிரம்பிய டேங்க்கைவிட வடித்த டேங்க்கே மோசம். உள்ளே காற்றும் பெட்ரோல் ஆவியும் பற்றிக்கொள்ளும் விகிதத்தில் கலந்து நிற்கும். திறந்தவெளியில் வடித்து, சோப்புத் தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கிக் கழுவி, முழுமையாக உலரவிடுங்கள். கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றாமல் தனியாகப் பிடித்து வையுங்கள். பிறகு எல்லாத் துவாரங்களையும் இறுக அடையுங்கள். பெயின்ட் சீக்கிரம் காய வேண்டும் என்று ஹீட் கன்னையோ ஹாலஜன் விளக்கையோ டேங்க்கின் அருகே கொண்டுவர வேண்டாம்.

இப்போது தயாரிப்பு வேலை. தேய்ப்பதற்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க வேண்டும். நிறையப் பேர் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள். பாலிஷிலும் டயர் பளபளப்பு திரவத்திலும் உள்ள சிலிகான் உப்புத்தாளோடு சேர்ந்து கீறல்களுக்குள் அழுந்திவிட்டால், கடைசியில் பெயின்ட் அங்கங்கே விலகி வட்டவட்டமாகக் குழி விழும். பிசுக்கு நீக்கும் திரவத்தை ஒரு துணியால் தடவி, அது ஆவியாவதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் துடைத்தெடுங்கள். ஒரே துணியால் செய்தால் அழுக்கை இடம் மாற்றியதாகத்தான் ஆகும்.

பழைய பெயின்ட்டின் விளிம்பைப் பி180 உப்புத்தாளில் தொடங்கி பி320 வரை (எண் கூடக் கூடத் தாள் நைஸாகும்) தேய்த்து, விரலை ஓட்டினால் படி தெரியாத அளவுக்குச் சரிவாக்குங்கள். பழைய வண்டிகளின் பெயின்ட்டில் ஈயமோ குரோமேட்டோ இருக்கலாம் என்பதால் அதை நீர் விட்டுத் தேய்ப்பது நல்லது. ஆனால் பட்டியை நீர் விட்டுத் தேய்க்கவே கூடாது. அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, சில மாதங்கள் கழித்துக் கொப்புளமாக வெளிப்படுத்தும். வெறும் உலோகம் தெரியும் இடத்துக்கு எபாக்ஸி பிரைமர் நல்லது. அதன் ஹார்டனர் பெரும்பாலும் ஐசோசயனேட் அல்லாத அமீன் வகை, என்றாலும் தோலில் ஒவ்வாமை தரும். நைட்ரைல் கையுறை போடுங்கள். பிரைமரிலும் 2கே யூரித்தேன் வகை உண்டு; அதன் ஹார்டனரும் ஐசோசயனேட்தான் என்பதால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

மட்கார்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பி.பி. என்று பொறித்திருந்தால் அது பாலிபுரொப்பிலீன்; அதற்கென்று விற்கும் ஒட்டுப் பிரைமரை முதலில் அடிக்காவிட்டால் பெயின்ட் தோல்தோலாக உரியும். ஏ.பி.எஸ். என்றிருந்தால் அந்தக் கவலை இல்லை.

பிரைமரை பி600 தாளால் நீர் விட்டு வழுவழுப்பாக்கிய பின் கலர். கன்னை 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் பாதியை மூடும்படி, மெல்லிய இரண்டு மூன்று கோட் அடியுங்கள். ஒவ்வொரு கோட்டும் மினுக்கம் போய் மங்கும் வரை காத்திருங்கள். பொதுவாகப் பத்துப் பதினைந்து நிமிடம். மெட்டாலிக் கலராக இருந்தால் கடைசிக் கோட்டைத் தேய்க்கக் கூடாது. தேய்த்த இடத்தில் அலுமினியச் செதில்கள் திரும்பிக்கொண்டு, கிளியர் ஏறியதும் கறுத்த திட்டாகத் தெரியும். அங்கே தூசி விழுந்துவிட்டால் மெதுவாக எடுத்துவிட்டு, அதன் மேல் இன்னொரு கோட் கலர் அடிக்கத்தான் வேண்டும்.

பட்டறைக்குக் கொண்டுபோவதில் கவனிக்க வேண்டியது நேரம். பல கலர்களுக்கு, அடித்த 24 மணி நேரத்துக்குள் கிளியர் ஏற வேண்டும். உங்கள் பெயின்ட்டின் தொழில்நுட்பத் தாளில் அது இருக்கும். ஆகவே கலர் அடிப்பதற்கு முன்பே பட்டறையில் பேசி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் அடிக்கும் கிளியர் உங்கள் கலரோடு சேருமா என்பதையும் அப்போதே கேளுங்கள். முடிந்தால் அவர்கள் சொல்லும் கலரையே வாங்குங்கள். கலர் மேற்பரப்பு மிக மென்மையானது. வெறுங்கை படாமல், போர்வை எதையும் சுற்றாமல், கொக்கியில் தொங்கவிட்டோ பெட்டிக்குள் நிறுத்தியோ கொண்டுபோங்கள். நீங்கள் வாங்கிய கிளியரைத் திறக்காமல் அப்படியே பட்டறையில் காட்டுங்கள். ஹார்டனர் டப்பாவை ஏற்கெனவே திறந்திருந்தால் அதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு சேர்ந்தால் அது கரியமில வாயுவை வெளியிடும், மூடிய டப்பா உப்பி வெடிக்கலாம்.

பக்கவாட்டு மூடிகளிலும் மட்கார்டிலும் பெட்ரோல் படப்போவதில்லை, அவற்றுக்கு ஒற்றைப் பாகக் கிளியரே போதாதா என்று கேட்கலாம். போதும், உங்கள் கையாலேயே அடிக்கலாம், ரப்பர் முகக்கவசத்தோடு. ஆனால் ஓரிரு ஆண்டுகளில் டேங்க்கின் பளபளப்புக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் தெரியத் தொடங்கும். எப்படியும் பட்டறைக்குப் போகிறீர்கள் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பொருட்கள் திரும்பி வந்த பிறகு மறுபடியும் உங்கள் வேலை தொடங்கும். ஒரு நாளாவது பொறுத்து, பி2000 தாளால் நீர் விட்டு மேடுகளை மட்டும் சமன் செய்து, பி3000 தாள் போட்டுவிட்டுப் பாலிஷ் ஏற்றுங்கள். வழக்கமாக அடிக்கும் இரண்டு கோட் கிளியரின் தடிமன் ஒரு தலைமுடியின் தடிமனுக்குள்தான் இருக்கும். விளிம்புகளில் இன்னும் மெலிந்திருக்கும், அங்கே தாளைக் கொண்டுபோகவே வேண்டாம். புதிய கிளியரைத் தேய்க்கும் தூளிலும் முழுமையாக வினைபுரியாத ஐசோசயனேட் இருக்கலாம். அதனால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், கையுறையும் கவசமும் இப்போதும் வேண்டும். வேலை நடக்கும் நாட்களில் நெஞ்சு இறுகுவது, இருமல், இரவில் மூச்சிரைப்பு ஆகியவை வந்தால், மறுநாள் வந்தாலும்கூட, வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஹார்டனர் லேபிளோடு போங்கள். டேங்க்கில் பெட்ரோல் ஊற்ற ஒரு வாரம் காத்திருங்கள். 20 டிகிரி வெப்பத்தில் 2கே கிளியர் முழுவதும் இறுக ஏறக்குறைய அவ்வளவு நாளாகும்.