வாசகர் கேள்வி பதில்: பள்ளி மாவட்டத்தை இணைத்தால் பேரன் படிக்கும் பள்ளி என்ன ஆகும்?

கேள்வி: என் மகள் குடும்பம் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. பேரன் இரண்டாம் வகுப்பு. "எங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்டைப் பக்கத்து ஊர்களோட சேர்க்கப் போறாங்களாம், ஊரே கொதிக்குதும்மா" என்று போனில் சொல்கிறாள். மாவட்டத்தைச் சேர்த்தால் பள்ளிக்கு என்ன வந்தது? எனக்குப் புரியவில்லை.
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: 'மாவட்டம்' என்ற சொல்தான் உங்களைக் குழப்புகிறது அம்மா. நம் ஊர் மாவட்டக் கல்வி அலுவலகம் மாதிரி இல்லை அது. வெர்மான்டில் ஒரு சின்ன ஊருக்குக்கூடத் தனிப் பள்ளி மாவட்டம் இருக்கலாம்: ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த வாரியம், தனி பட்ஜெட், அந்த பட்ஜெட்டுக்கும் ஆண்டுதோறும் ஓட்டு. பள்ளியைச் சூடாக்கும் கொதிகலனுக்கு எண்ணெய் எவ்வளவு, பேருந்துக்கு எவ்வளவு என்று வரவு செலவை அச்சடித்துக் கொடுப்பார்கள், ஊரார் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். செலவு கூடினால் வீட்டு வரி கூடும். 2024 மார்ச்சில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பள்ளி பட்ஜெட்டுகளை மக்களே தோற்கடித்தார்கள் என்றால் பாருங்கள்.

பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், வரி ஏறிக்கொண்டே போகிறது. அதனால் 2015ல் 'ஆக்ட் 46' என்று ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு மாவட்டத்தில் குறைந்தது 900 மாணவர்களாவது இருக்க வேண்டும் என்பது இலக்கு. தானாக முன்வந்து சேர்ந்தவர்களுக்கு வரிச் சலுகை கிடைத்தது. சேராத பல ஊர்களை 2018ல் மாநிலக் கல்வி வாரியம் கட்டாயமாக இணைத்தது. வழக்குப் போட்டார்கள், 2020ல் மாநில உச்ச நீதிமன்றம் இணைப்பு செல்லும் என்று சொல்லிவிட்டது. அப்புறம் 2025 ஜனவரியில் ஆளுநர் பில் ஸ்காட் மாநிலம் முழுவதற்கும் ஐந்தே மாவட்டம் போதும் என்றார். அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு சட்டம் வந்தது, பழையபடி இணைப்புப் பேச்சுதான். உங்கள் மகள் ஊரில் எரிவது இந்த அடுப்பு.

சரி, பேரன் பள்ளிக்கு வருகிறேன். இணைப்பு என்றாலே பள்ளி மூடல் என்று அர்த்தமில்லை. ஆனால் மூடும் அதிகாரம் கைமாறுகிறது, அங்கேதான் கவனம் வேண்டும். நேற்றுவரை அது உங்கள் மகளின் ஊரார் கையில் இருந்தது, நாளை நாலைந்து ஊர்களுக்குப் பொதுவான வாரியத்தில் அந்த ஊருக்கு ஒரு நாற்காலியோ இரண்டோதான் இருக்கும். இணைப்பு ஒப்பந்தம் என்று ஒரு ஆவணம் உண்டு. அந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்காமல் பள்ளியை மூட முடியாது என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும், சிலவற்றில் அந்தக் காப்பு சில ஆண்டுகளுக்கு மட்டும். அந்தப் பக்கத்தை முதலில் படிக்கச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

அதே மாநிலத்து ரிப்டன் என்ற மலையூர் இந்தப் பயத்தில்தான் இணைந்த மாவட்டத்திலிருந்து விலக 2021ல் ஓட்டுப் போட்டது. விலகினால் நிர்வாகம், சிறப்புக் கல்வி, பேருந்து எல்லாவற்றுக்கும் தனியாக வழி தேட வேண்டும். முடியாமல் திரும்பிச் சேர்ந்தார்கள். சேர்ந்த பிறகு பிரிவது அவ்வளவு கஷ்டம்.

கேள்வி: பெரிதாக்கினால் பணம் மிச்சமாகுமே, அதில் என்ன தவறு?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நிர்வாகச் செலவில் கொஞ்சம் மிச்சமாகும், மறுக்கவில்லை. ஐம்பது பிள்ளைகளுக்காகத் தனிக் கணக்கு, தனித் தணிக்கை என்பது பாரம்தான். ஆனால் இணைந்ததும் ஆசிரியர் சம்பளத்தை அதிகம் கொடுக்கும் ஊரின் அளவுக்கு ஏற்ற வேண்டி வரும், பள்ளியை மூடினால் பேருந்துச் செலவு ஏறும். பனிக்காலத்தில் விடிவதற்கு முன்பே ஆறு வயதுக் குழந்தை கையுறை, பனிக்காலணி எல்லாம் போட்டுக்கொண்டு சாலையோரம் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு எந்த பட்ஜெட்டிலும் விலை எழுதுவதில்லை.

கேள்வி: சின்ன மாவட்டம் என்றால் ஏழை மாவட்டம். அந்தப் பிள்ளைகளுக்கு இணைப்புதானே நியாயம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நல்ல கேள்வி, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், லேக் வியூ கதை தெரியும்வரை. அர்கன்சாஸ் மாநிலத்தில் கறுப்பின மக்கள் வாழும் ஏழைச் சிற்றூர் அது. பள்ளிகளுக்குப் பணம் பங்கிடுவதில் அநியாயம் இருக்கிறது என்று 1992ல் அந்த மாவட்டம் வழக்குப் போட்டது. பத்து ஆண்டு இழுத்து, 2002ல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன் விளைவாகப் பணமும் வந்தது, கூடவே 2004ல் ஒரு சட்டமும் வந்தது: தொடர்ந்து இரண்டு ஆண்டு 350 மாணவருக்குக் கீழே இருக்கும் மாவட்டத்தை இன்னொன்றோடு இணைத்துவிட வேண்டும். லேக் வியூவில் 350 பேர் இல்லை. வழக்கை ஜெயித்த மாவட்டமே பக்கத்து மாவட்டத்தில் கரைந்துபோனது. இதைப் படித்த அன்று எனக்கு மனசு ஆறவில்லை. பணத்தைச் சமமாகப் பங்கிடுவதற்கும் ஊரின் பள்ளி வாரியத்தைக் கலைப்பதற்கும் என்ன சம்பந்தம்? நன்றாக நடக்கும் சின்ன மாவட்டங்கள் விலக்குக் கேட்கலாம் என்று அதே மாநிலம் 2015ல் சட்டத்தைத் தளர்த்தியது. லேக் வியூவுக்கு அது பதினோரு ஆண்டு தாமதம்.