ஜப்பானிய மொழி வகுப்பில் பரீட்சை போதாதா, பேச்சும் தேவையா?

ஜப்பான் வேலை விசாவுக்குச் சான்றிதழ் போதுமே, மாணவர்களை முன்னால் நிறுத்திப் பேச வைத்து ஏன் நேரத்தைச் செலவிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜப்பானின் 'குறித்த திறன் தொழிலாளர்' விசாவின் மொழித் தகுதிக்கு, ஜே.எல்.பி.டி. எனும் ஜப்பானிய மொழித் தகுதிப் பரீட்சையின் என்-4 நிலை பெரும்பாலான துறைகளில் போதும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பரீட்சையில் பேசும் பகுதியே கிடையாது. நான் இலங்கையின் ஹட்டனில் படித்து என்-4 சித்தியடைந்தவள். முதல் நேர்முகத்தில் பெயரையும் ஊரையும் சொன்னதோடு நின்றுவிட்டேன். படித்த வினைச்சொற்கள் எல்லாம் நினைவில் இருந்தன, வாய்க்குத்தான் வரவில்லை.

இப்போது தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். குறில் நெடில் பழகிய நமக்கு ஒபசன் (மாமி), ஒபாசன் (பாட்டி) வேறுபாடு எளிது. சிக்கல் வல்லினத்தில் வருகிறது. வானிலை, மின்சாரம் இரண்டுக்குமான ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதினால் ஒரே 'தென்கி'தான். முதலாவதில் 'தெரு'வின் தெ, இரண்டாவதில் 'தெய்வ'த்தின் தெ. இரண்டிலும் 'கி' அழுத்தமாக ஒலிக்க வேண்டும். நாமோ 'சங்கிலி'யில் வருவதுபோல் அதை மெலித்துவிடுகிறோம். தாளில் ஹிரகானா எனும் ஜப்பானிய எழுத்தைப் பார்த்துச் சரியாக விடையளிக்கும் பிள்ளை, எழுந்து பேசும்போது "இன்று மின்சாரம் நன்றாக இருக்கிறது" என்கிறது. வாயைத் திறக்காமல் இந்தப் பிழை வெளிப்படாது.

போன மாதம் ஒரு மாணவி தேயிலை பற்றிப் பேசினாள். எங்கள் மலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கிறோம். ஜப்பானிலோ அவர்களது வசந்தத் தொடக்கத்திலிருந்து 88ஆம் நாளை, அதாவது மே மாதத் தொடக்கத்தை ஒட்டி முதல் கொழுந்து பறிக்கிறார்கள். அம்மாவிடம் விவரம் கேட்டு வந்து, கொழுந்துக்கு 'ஷின்மே' என்ற சொல்லையும் அவளே தேடியிருந்தாள். என்-4க்குக் கீழ்நிலையான என்-5 பாடத்தில் அந்தச் சொல் இல்லை. அவள் அதை இனி மறக்கமாட்டாள்.

அதற்காகப் பரீட்சையைக் கைவிடச் சொல்லவில்லை. பேச்சில் தெரியாத இலக்கணத்தைத் தவிர்த்துத் தப்பிக்கலாம், பரீட்சையில் முடியாது. என்-5இல் 180க்கு 80 எடுத்தால் சித்தி; ஆனால் கேட்டலில் 60க்கு 19 வராவிட்டால் மொத்தப் புள்ளி எவ்வளவு இருந்தாலும் தோல்விதான். ஆகவே மாதம் ஒரு முழு மாதிரிப் பரீட்சை வைக்கிறேன். நேரம் போதாதபோது வாராந்தச் சிறு பரீட்சையை விட்டுவிடுகிறேன், பேச்சை விடுவதில்லை.

பேச்சு மூன்று நிமிடம், கையில் தாள் கூடாது. பிறகு சக மாணவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். மனப்பாடம் செய்த உரை அங்கே உதவாது என்பதால், அந்தப் பதில்களுக்கே அதிகப் புள்ளி கொடுக்கிறேன்.