உப்பை உருக்கும் படிப்பு: சுங்கை சிப்புட் தந்தை ஒருவருக்கு

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

சென்ற வாரம் மகளுடன் என் ஆலோசனை அறைக்கு வந்திருந்தபோது, "உப்பை உருக்குவதற்கா பிள்ளையை ஆறாம் படிவம் வரை படிக்க வைத்தேன்?" என்று கேட்டீர்கள். வெளியே ஆள்கள் காத்திருந்ததால் அன்று முழுமையாகப் பதில் சொல்ல இயலவில்லை. மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் முதல் இடத்தைக் கணக்கியலுக்குக் கொடுப்பதா, பொருளறிவியல் பொறியியலுக்குக் கொடுப்பதா என்று நீங்கள் முடிவு செய்யும் முன், அவள் விரும்புவது என்ன என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அவள் மனத்தைப் பற்றிக்கொண்டது, உருகிய உப்பில் படிகம் வளர்க்கும் முறை. கற்கண்டு காய்ச்சுவதை நினைத்துப் பாருங்கள். சூடான பாகில் கரைந்திருக்கும் சர்க்கரை, மெல்ல ஆறும்போது நூலைப் பற்றிக்கொண்டு பட்டை தீட்டியது போன்ற கட்டிகளாக விளைகிறது. தண்ணீரில் கரையாத உலோக ஆக்சைடுகளுக்கு அந்தத் தண்ணீரின் வேலையை உருகிய உப்பு செய்கிறது. சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடு 801 பாகை செல்சியஸிலும் பொட்டாசியம் குளோரைடு 770 பாகையிலும் உருகும். இரண்டையும் மோல் கணக்கில் சரிபாதியாகக் கலந்தாலோ ஏறத்தாழ 657 பாகையிலேயே உருகிவிடும்.

ஆக்சைடுப் பொடிகளை இந்த உப்புக் கலவையோடு அரைத்து, கடும் சூட்டைத் தாங்கும் அலுமினா கிண்ணமாகிய மூசையில் இட்டு, உப்பு ஆவியாகிப் போகாதபடி மூடி, உலையில் வைத்து, பிறகு நிதானமாக ஆற விடுகிறார்கள். உறைந்து கல்லாகிப் போன கட்டியைச் சுடுநீரில் போட்டால் உப்பு கரைந்து, படிகங்கள் அடியில் தங்கும். உப்பு முழுவதும் போயிற்றா என்று அறிய, கழுவிய நீரில் அர்ஜெண்டம் நைட்ரேட் (வெள்ளி நைட்ரேட்) சில துளிகள் விடுவார்கள். வெள்ளையாகக் கலங்கினால் மறுபடியும் கழுவ வேண்டும். இது உங்கள் மகள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் தன் கையால் செய்து பார்த்த அதே குளோரைடு சோதனை. இதைச் சொன்னபோது அவள் முகம் மலர்ந்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

இதில் வடிவத்தைத் தீர்மானிக்க முடிவதுதான் அருமை. பிஸ்மத் டைட்டனேட் என்ற ஆக்சைடில் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அடுக்கின் ஓரத்தில் விரைவாகவும் மேல்முகத்தில் மெதுவாகவும் வளர்வதால் அது மெல்லிய தகடாக விளைகிறது. பேரியம் டைட்டனேட் உருவாகும்போதோ, உப்பில் குறைவாகக் கரையும் டைட்டானியம் டை ஆக்சைடு அச்சுப் போல நின்று தன் வடிவத்தை அதற்குத் தருகிறது. கம்பி வடிவத் துகள்களை இட்டால் கம்பி வடிவப் படிகங்களைப் பெறலாம்.

வடிவத்தால் என்ன பயன் என்று கேட்பீர்கள். அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகங்களைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தனர். அடுப்புப் பற்றவைப்பான் முதல் மருத்துவமனை ஸ்கேன் கருவி வரை இன்று அவை வேலை செய்கின்றன. இத்தகைய படிகத் துகள்களைச் சுட்டுச் செய்யும் பீங்கான்களில் பெரும்பாலானவற்றில் ஈயம் இருக்கிறது. அது உடலுக்கும் மண்ணுக்கும் கேடு. ஈயம் இல்லாமலே அதே திறனைப் பெறத்தான் வடிவம் உதவுகிறது. தகடு வடிவப் படிகங்களைக் கூழில் கலந்து மெல்லிய ஏடாகப் பரப்பினால், அடுக்கி வைத்த ரப்பர் ஷீட்டுகளைப் போல அவை படுத்துக்கொள்ளும். சுடும்போது சுற்றியுள்ள துகள்களும் அதே திசையில் வளர்வதால் ஒவ்வொன்றின் விளைவும் மற்றதோடு சேர்ந்து வலுக்கிறது. இந்த வழியில்தான் 2004இல் ஜப்பானில் தொயோத்தா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சைட்டோ குழுவினர், நயோபியம் சேர்ந்த, ஈயமற்ற நயோபேட் பீங்கானில் ஒரு நியூட்டன் விசைக்கு 416 பிகோகூலோம் மின்னூட்டம் என்ற அளவை எட்டினர். ஈயப் பீங்கானுக்கு நிகரான அளவு அது. அவர்கள் பயன்படுத்திய தகடுகளும் உருகிய உப்பில் பிறந்தவையே.

இனி வேலையைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். "உப்பில் படிகம் வளர்க்க ஆள் தேவை" என்று நம் நாட்டில் விளம்பரம் வராது. அது முதுகலையிலும் முனைவர் பட்டத்திலும் தேர்ந்தெடுக்கக்கூடிய ஆய்வுத் துறை. ஆனால் இளங்கலையில் அவள் கற்கப்போவது அதைவிட விரிவானது: உலோகம், பீங்கான், ரப்பர், பிளாஸ்டிக் ஆகியவற்றின் உள்ளமைப்பு, அவற்றைச் சோதிக்கும் முறைகள், ஒரு பொருள் ஏன் உடைந்தது என்று கண்டறியும் பயிற்சி. கூலிம் தொழில்நுட்பப் பூங்காவின் குறைமின்கடத்தி ஆலைகளிலும், கையுறைத் தொழிற்சாலைகளிலும் இப்பயிற்சிக்கு இடம் உண்டு. கூச்சிங்கில் உள்ள தையோ யூடன் என்ற ஜப்பானிய மின்னணு நிறுவனத்தின் ஆலையில் செய்யும் மின்தேக்கிகளுக்கு அடிப்படையே பேரியம் டைட்டனேட்தான். அங்கு அந்தப் பொடியை உப்பில்தான் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, அந்தப் பொருளைப் புரிந்துகொண்டவருக்கு அங்கே வேலை உண்டு என்கிறேன்.

இப்பணியில் நான் சேர்ந்த புதிதில், வேதியியலில் ஆர்வம் மிகுந்த ஒரு மாணவனைப் பெற்றோரின் அச்சத்தைக் கருதிக் கணக்கியலுக்கு அனுப்பினேன். இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை விட்டுவிட்டான். கணக்கியல் மீது குறை இல்லை, அது நல்ல தொழில். பிள்ளையைக் கேட்காமல் முடிவெடுத்ததுதான் என் பிழை. அதனால்தான் உங்கள் மகளிடம் நான் மூன்று முறை பேசினேன். கணிதத்திலும் இயற்பியலிலும் அவள் பெற்றுள்ள மதிப்பெண்கள் இந்தப் படிப்பைத் தாங்கும் என்பது என் உறுதியான கருத்து.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்திற்குள் போய்விடலாம். பெர்லிஸ் பல்கலைக்கழகத்திலும் இதே துறை உண்டு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அப்பட்டத்திற்குப் பொறியியல் அங்கீகார மன்றத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பின்னாளில் பொறியியலாளராகப் பதிவு செய்ய அது வேண்டும். செலவுக்குப் பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனை மட்டும் நம்பியிராமல், உபகாரச் சம்பளத்திற்கும் இப்போதே விண்ணப்பிக்கலாம்.

வியாழக்கிழமை செம்பனைக் குலைகளை ஆலையில் இறக்கிவிட்டு நீங்கள் திரும்பும் நேரம் வரை நான் அறையில் இருப்பேன். அம்மாவையும் அழைத்து வாருங்கள். ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். முடிவையும் சம்பளச் சீட்டையும் எடுத்து வந்தால், விண்ணப்பத்தை நால்வரும் சேர்ந்தே நிரப்பிவிடலாம்.