ஆறா, முப்பத்தொன்றா?

கேள்வி: எனக்கு வயது 66, கணவருக்கு 71. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் 12 பேர்ச் காணியில் எங்கள் பழைய வீடு இருக்கிறது. கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் வீட்டை இடித்துவிட்டு, கீழே வாகனத் தரிப்பிடமும் மேலே ஐந்து மாடியுமாகப் பத்து வீடுகள் கட்டி, மூன்றை எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறார். டொரொன்டோவில் இருக்கும் மகனோ, காணியை விற்றுவிட்டுக் கொம்பனித்தெருவில் 31ஆம் மாடியில் ஒரு வீடு வாங்குங்கள் என்கிறான். நீச்சல் தடாகம், காவல் எல்லாம் உண்டாம். கணவரும் அவன் பக்கம்தான். "கொழும்பு இனி மேலேதான் வளர வேண்டும், சின்னக் கட்டடங்கள் காணியை வீணாக்குகின்றன" என்று தினமும் வாதம். எனக்கு உயரம் என்றால் தலை சுற்றும். போதாததற்கு, ஆறு தளம் எழும்பினால் தன் முற்றத்துக்கு வெயில் வராது என்று பக்கத்து வீட்டு அக்கா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். என்ன செய்வது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தலைசுற்றலை முதலில் ஒதுக்கி வைப்போம். முப்பத்தோராம் மாடியில் இருப்பவர்கள் நாள் முழுவதும் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அவர்களும் தொலைக்காட்சிதான் பார்க்கிறார்கள். நான் உங்களிடம் பேச விரும்புவது லிப்டைப் பற்றி.

என் சின்னம்மா வெள்ளவத்தையில் நான்காம் மாடியில் இருந்தார். ஒருநாள் விடியற்காலை பாரிசவாதம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தோம், அம்புலன்ஸ் விரைவாகவே வந்துவிட்டது. ஆனால் அந்த லிப்ட் நான்கு பேர் தோளோடு தோள் உரசி நிற்கும் அளவு. தூக்குப்படுக்கையை நிமிர்த்தினால்தான் உள்ளே போகும், கிடக்கிற மனுஷியை நிமிர்த்த முடியாது. கடைசியில் சாப்பாட்டு மேசையடியில் கிடந்த கைபிடிக் கதிரையில் சின்னம்மாவை இருத்தி, சேலையால் சுற்றிக் கட்டி, கீழ் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் அம்புலன்ஸில் வந்தவர்களுமாகப் படியால் இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கதிரைக் கால் சுவரை உரசியது. பிறகு நான் அந்தப் படியில் ஏறியபோதெல்லாம் அந்தக் கீறல்கள் கண்ணில் பட்டன. அங்கே எவரும் அவற்றுக்கு வர்ணம் பூசவில்லை.

ஆகவே ஒப்பந்தக்காரர் அடுத்த முறை வரும்போது தரையோட்டின் நிறத்தைப் பற்றிப் பேச விடாதீர்கள். லிப்டின் உள் ஆழம் எத்தனை மீற்றர் என்று கேளுங்கள். படுத்த ஒருவர் படுக்கையோடு போக இரண்டு மீற்றருக்குக் குறையாமல் வேண்டும். அதனால் ஒரு வாகனத் தரிப்பிடம் போகும் என்று அவர் சொல்வார். போகட்டும். உங்கள் வயதிலும் என் வயதிலும் காரைவிட அந்த ஆழம்தான் முக்கியம்.

இந்த ஒரு விடயத்தில் மகன் சொல்லும் கோபுரம் உங்கள் ஆறு தளத்தை வென்றுவிடும். பெரிய கட்டடத்தில் பல லிப்டுகள் இருக்கும், சாமான் ஏற்றும் பெரிய லிப்ட் ஒன்றும் இருக்கும், ஜெனரேட்டரும் இருக்கும். ஆனால் 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் மின்வெட்டு வந்ததை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். பத்தொன்பதாம் மாடியில் இருந்த என் சிநேகிதியின் கட்டடத்தில் ஜெனரேட்டர் இருந்தது, அதற்கு ஊற்ற டீசல்தான் இல்லை. லிப்ட் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். பாணுக்கும் பாலுக்கும் அவர் பஸ் நேரம் பார்ப்பதுபோல் நேரம் பார்த்து இறங்கினார். மேல் தாங்கிக்கு நீரை ஏற்றுவதும் மின்சாரம்தான் என்பதால் குளிப்புக்கும் முறை வைத்தார்கள். இரண்டாம் மாடி என்றால் நோகிற முழங்காலோடும் நின்று நின்று ஏறிவிடலாம். முப்பத்தொன்றுக்கு அப்படி ஏறுவதற்கு உங்கள் வீட்டு ஐயா மலையேறும் ஆள் அல்லவே.

இனி ஐயாவின் வாதம். கொழும்பு மாநகரம் மொத்தம் 37 சதுர கிலோமீற்றர்தான், காணி கிடைப்பது அரிது. அவர் சொல்வதில் அந்தப் பாதி சரி. சின்னக் கட்டடம் காணியை வீணாக்குகிறது என்பதை மட்டும் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 12 பேர்ச்சில் 10 வீடு. ஓர் ஏக்கர் 160 பேர்ச். அப்படியானால் ஏக்கருக்கு 133 வீடுகள். ஒழுங்கைக்கும் வடிகாலுக்கும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தாலும் தொண்ணூறுக்குக் கிட்ட வரும். வெள்ளவத்தை ஒழுங்கைகள் பெரும்பாலும் கோபுரமில்லாமலேதான் இவ்வளவு சனத்தைத் தாங்குகின்றன. கோபுரம் எழும்ப அகலமான வீதி வேண்டும், சுற்றிவர வெளி வேண்டும், கார்களுக்கே பல தளங்கள் வேண்டும், மேலே போகப் போக லிப்டும் படியும் குழாயும் ஒவ்வொரு தளத்திலும் இடத்தைத் தின்னும். பேரை ஏரிக்கரையில் 240 மீற்றர் உயரத்தில் 68 மாடியோடு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் அல்டெயர் இரட்டைக் கோபுரம் பார்க்க அழகுதான், நானும் வெளியூர் விருந்தினருக்குக் காட்டியிருக்கிறேன். அங்கே காசு கொடுத்து வாங்குவது கடலும் ஏரியும் தெரிகிற காட்சியை. இடமில்லாமல் தவிக்கிற ஊருக்கு வழி காட்டவென்று எழும்பியது அல்ல அது. தோட்டங்கள் எனப்படும் கொழும்பின் நெருக்கமான குடிசைப் பகுதிகளில் இருந்த குடும்பங்களை அரசாங்கம் பன்னிரண்டு பதினான்கு மாடிகளில் ஏற்றிய கட்டடங்களையும் ஐயா ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். லிப்ட் பழுதானால் திருத்துவது யார், காசு யார் தருவது என்ற கேள்விதான் அங்கே அன்றாட வாழ்க்கை.

இதற்காக வெள்ளவத்தை ஒழுங்கைகளைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த கட்டடத்துக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று இங்கிருந்தே எண்ணலாம். குளியலறை யன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தாளிப்பு உள்ளே வரும். காணியின் ஓரங்குலத்தையும் விடாமல் கட்டியதன் விளைவு அது. பக்கத்து வீட்டு அக்காவின் கோபமும் இங்கிருந்துதான் பிறக்கிறது. அவர் சொல்லும் காரணம்தான் பிழை. கொழும்பில் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் உச்சிக்குக் கிட்டத்தான் போகிறது, நடுப்பகல் வெயில் அவர் முற்றத்தில் விழத்தான் செய்யும். கடலுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் உங்கள் காணி இருந்தால் அவர் இழக்கப் போவது பின்னேரக் காற்றை. பக்கச் சுவரை எல்லையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, நிலத்தளத்தைத் தூண்களோடு திறந்தபடி விட்டால் அந்தக் காற்றில் ஒரு பங்காவது மிஞ்சும். சட்டம் விடச் சொல்லும் இடைவெளி குறைந்தபட்சம். அதற்கு மேலும் விடக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மூன்றாவது வீட்டின் பரப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள நீங்கள் சம்மதித்தால் ஒப்பந்தக்காரருக்குச் சாட்டுச் சொல்ல வழியிராது.

கடற்காற்றைப் பற்றிப் பேசும்போதே உப்பையும் சொல்லிவிடுகிறேன். கொங்கிறீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துப் பருத்தால் மேற்பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கம்பியின் மேல் கொங்கிறீட் எத்தனை மில்லிமீற்றர் மூடியிருக்கும் என்று தனியாக ஒரு பொறியியலாளரைக் கொண்டு பார்ப்பியுங்கள். ஒப்பந்தக்காரர் கூட்டிவருகிற பொறியியலாளரைச் சொல்லவில்லை.

காசுக் கணக்குக்கு வருவோம், வீடுகள் சண்டையில் முடிவது இங்கேதான். கோபுரத்தில் மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று வரும், நீங்கள் நீச்சல் தடாகத்தில் காலை நனைக்காவிட்டாலும் வரும். மகன் அனுப்பும் பணத்தில் வாழ்பவர்களுக்கு அது ஓய்வில்லாத வாடகை. பத்து வீட்டுக் கட்டடத்தில் கட்டணம் குறைவு. ஆனால் லிப்ட் மோட்டார் எரிந்தால் செலவைப் பங்கு போடவும் பத்துப் பேர்தான், அதில் நாலு பேர் வெளிநாட்டில், ஒருவர் தொலைபேசியையே எடுப்பதில்லை. தொடர்மாடி வீட்டு உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கட்டடத்தின் திட்டப்படம் பதிவானதும் வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று உருவாகிறது. அது ஆண்டுக் கூட்டம் கூடி, கணக்குக் காட்டி, பெருந்திருத்த வேலைக்கென்று தனி நிதி சேர்த்து வைத்திருந்தால் ஆறு தளமும் நல்லது, அறுபது தளமும் நல்லது. கொம்பனித்தெரு வீட்டுக்கு மகன் முற்பணம் கட்டுமுன் அந்தக் கட்டடத்தின் கடைசி மூன்று வருடக் கணக்கறிக்கையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

வீட்டு உறுதிப்பத்திர விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கட்டி முடித்த பிறகு, அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது என்று சொல்லும் இணக்கச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் தொடர்மாடித் திட்டப்படத்தைப் பதிய முடியாது, பதியாவிட்டால் வீட்டுக்குத் தனி உறுதி வராது. அனுமதி ஐந்து மாடிக்கு, கட்டியது ஆறு என்றானதால் விற்பனை உடன்படிக்கையை மட்டும் அலுமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு பத்து வருடம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே காணியை முழுதாக எழுதிக்கொடுத்துவிட்டு வாக்குறுதியோடு வாடகை வீட்டுக்குப் போகாதீர்கள். எந்தக் கட்டத்தில் எது கைமாறும், தாமதமானால் வாடகை யார் தருவது என்பதையெல்லாம் உங்கள் சொந்தச் சட்டத்தரணி எழுதட்டும். மகன் கனடியப் பிரஜையாகிவிட்டு இரட்டைக் குடியுரிமை எடுக்காதவர் என்றால் அவர் பெயரில் உறுதி எழுதும் எண்ணத்தையும் அந்தச் சட்டத்தரணியிடமே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டமும் 2018 திருத்தமும் தொடர்மாடி வீட்டுக்கு ஒரு வழி, வெறுங்காணிக்கு இன்னொரு வழி வைத்திருக்கின்றன.

என்னைக் கேட்டால் ஆறு தளத்தையே எடுங்கள், உங்களுக்கு வரும் மூன்றில் ஒன்று இரண்டாம் மாடியில் இருக்க வேண்டும் என்று உடன்படிக்கையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்து போகிற ஊரை விட்டுவிட்டு, கீழே இறங்கினாலே ஓட்டோ பிடிக்க வேண்டிய இடத்துக்கு இந்த வயதில் போவானேன்? பழைய வீட்டில் கிணறு இருந்தால் அதை மூட விடாதீர்கள். தூண்களுக்கு நடுவில் ஒரு மூடியோடு இருந்துவிட்டுப் போகட்டும், நீர் வெட்டுக்கு உதவும்.

வரைபடம் முதல் பிரதியாக வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போங்கள். எந்தப் பக்கச் சுவர் எத்தனை அடி உள்ளே தள்ளப்படுகிறது என்று பென்சிலால் காட்டுங்கள். அவர் கேட்பதில் ஒன்றையாவது மாற்றிக்கொண்டு வாருங்கள். கட்டுமான வேலை தொடங்கினால் ஒன்றரை வருடம் அவர் வீட்டுக்குத்தான் தூசி போகப் போகிறது.