ஒரே தீவுக்கு நகரம், கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) என இரண்டு அரசுகள் எதற்கு?

நான்டக்கெட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேப் காட் முனைக்குத் தெற்கே கடலுக்குள் கிடக்கும் தீவு அது. தீவின் பெயர், நகரத்தின் பெயர், கவுண்டியின் பெயர் மூன்றும் ஒன்றே. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

சட்டத்தின் கண்ணில் இரண்டு அமைப்புகள். நடைமுறையில் ஆட்கள் ஒரே கூட்டம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேர் கொண்ட 'செலக்ட் போர்டு' நகரத்தை நிர்வகிக்கிறது. அதே ஐவர்தான் கவுண்டி ஆணையர்களும். கவுண்டி விஷயம் வந்தால் தொப்பியை மாற்றிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அன்றாட வேலைகளைக் கவனிக்க நியமிக்கப்பட்ட நகர மேலாளர் இருக்கிறார்.

ஆனால் உண்மையான அதிகாரம் இவர்கள் கையில் இல்லை என்பேன். வரவு செலவுத் திட்டமும் உள்ளூர் விதிகளும் நகரப் பொதுக்கூட்டத்தில்தான் நிறைவேற வேண்டும். பதிவு பெற்ற வாக்காளர் எவரும் வந்து பேசலாம், வாக்களிக்கலாம். பிரதிநிதி என்று யாரும் கிடையாது. 2020 கணக்கெடுப்பில் 14,255 பேர் வாழ்ந்த இடத்தில் இன்றும் இப்படி நடக்கிறது! கோடையில் மட்டும் வந்து தங்கும் வீட்டுக்காரர்கள் சொத்துவரி கட்டுவார்கள். வாக்காளர் பதிவு வேறு ஊரில் இருப்பதால் இங்கே வாக்களிக்க முடியாது. அந்த முணுமுணுப்பு தனிக்கதை.

ஷெரீப் (சட்ட அமலாக்க அதிகாரி), பத்திரப் பதிவாளர் ஆகியவை கவுண்டிப் பதவிகள். அவற்றில் இருப்பவர்களையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அருகிலுள்ள டக்கர்நக், மஸ்கெகெட் என்ற சிறு தீவுகளும் இதே நிர்வாகத்தில் அடங்கும்.